அம்மாவின் மஞ்சள் பையும் லண்டன் கிளெய்மும்

அக்டோபர் கடைசியில் பிள்ளைகளுக்கு அரைப்பருவ விடுமுறை. லண்டனிலிருந்து லிஸ்பன் போய்வர டிக்கெட்டும் ஓட்டலும் பதிவாகியிருந்தன. ஐப்பசி அடைமழையில், கும்பகோணத்தில் அம்மாவுக்கு டெங்கு. லிஸ்பனை ரத்து செய்துவிட்டு நான் மட்டும் கொழும்பு வழியாகத் திருச்சிக்கு விமானம் ஏறினேன்.

வைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் எடுத்த ரத்தத்துக்கு மத்தியானமே ரிப்போர்ட் வந்தது. தட்டணுக்கள் இறங்கினாலும் ஏறினாலும் நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டிலுக்கு வந்த கேரியரில் எனக்கும் ரசம் சாதம் கிடைத்தது. என்னைப் படுத்தியதெல்லாம் காகிதம்தான்.

எங்கள் பயண இன்சூரன்ஸில் அம்மா பெயர் கிடையாது. ஆனால் நெருங்கிய உறவினருக்குக் கடுமையான நோய் வந்து பயணத்தை ரத்து செய்தால் ஈடு உண்டு. பிரிட்டிஷ் பாலிசிகள் பலவற்றில் இந்தப் பிரிவு இருக்கிறது. சிலவற்றில் அந்த உறவினர் பிரிட்டனிலேயே வசிக்க வேண்டும் என்று கொக்கி போட்டிருப்பார்கள்; ஊரில் பெற்றோரை வைத்திருப்பவர்கள் பாலிசி வாங்கும்போதே அதைப் பார்த்துவிடுவது நல்லது. எங்களுடையதில் அந்தக் கொக்கி இல்லை. மருத்துவர் நிரப்ப வேண்டிய பக்கங்கள்தான் இருந்தன: முதல் அறிகுறி எப்போது, முதலில் பார்த்தது எப்போது, முன்பிருந்த வியாதிகள் என்ன, நோயாளியின் வழக்கமான மருத்துவர் வைத்திருக்கும் பதிவுகள் எங்கே.

லண்டனில் பதிவு செய்துகொண்ட குடும்ப மருத்துவரின் கணினியைத் தட்டினால் நம் வரலாறு வந்து நிற்கும். அம்மாவின் வரலாறு பீரோவின் அடித்தட்டில், ஜவுளிக்கடை மஞ்சள் பையில் இருக்கிறது. மடித்து மடித்துக் கிழிந்த மருந்துச் சீட்டுகள், எழுத்து மங்கிய ஈ.சி.ஜி. காகிதம், சர்க்கரை அளவு குறித்த பள்ளிக்கூட நோட்டு, நடுவே யாருடையதோ கல்யாணப் பத்திரிகை. அதன் பின்புறத்திலும் ஒரு மாத்திரைப் பெயர். பையை அப்படியே டாக்டர் மேசையில் கவிழ்த்தேன். "ஃபைல் எங்களிடம் இருக்காது தம்பி, அம்மாவிடம்தான் இருக்கும்" என்று சிரித்தார். புறநோயாளிகள் கூட்டம் கலைந்த பிறகு உட்கார்ந்து, சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, படிவத்தைப் பூர்த்தி செய்தார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

கவுன்டரில் அந்தத் தாராளம் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் கணவர் பெயரோடு ஒன்று, என் பிறப்புச் சான்றிதழில் வேறொன்று. அவர் என் அம்மாதான் என்று லண்டனில் யாரை நம்ப வைப்பது? ஆதாரில் உள்ளபடி திருத்தித் தரச் சொன்னால், நாளை வாருங்கள் என்றார்கள். நாளைக்கும் நாளை வாருங்கள்தான். உள்நோயாளிக் குறிப்புகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், சான்றிதழிலும் ரசீதிலும் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. கவுன்டரில் சட்டம் பேசினால் காரியம் கெடும். தெரிந்துவைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டால் நடக்கும். நடந்தது. பஸ் நிலையத்துக்கு அருகே ஜெராக்ஸ் கடைக்காரர் ஒவ்வொரு சீட்டையும் நீவி விட்டு ஸ்கேன் செய்து, ஒரே பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தார்.

லண்டன் திரும்பிய பிறகு நிறுவனத்தின் பதில் வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் முன்பே இருந்ததாம், ஆகவே கிளெய்ம் செல்லாதாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கொசு கடிக்கும் முன் சர்க்கரை அளவைக் கேட்டுவிட்டா கடித்தது? டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். டெங்கு ஏடிஸ் கொசு பரப்பும் வைரஸ் நோய், சர்க்கரை நோயால் வருவதல்ல என்று லெட்டர்ஹெட்டில் எழுதி, முத்திரையும் பதிவு எண்ணும் வைத்து அன்றிரவே அனுப்பிவிட்டார். காய்ச்சலின் முதல் நாட்களிலேயே டெங்குவைக் காட்டிக்கொடுக்கும் என்எஸ்1 பரிசோதனை ரிப்போர்ட்டையும் சேர்த்தேன். அதிலிருந்த தேதி, டிக்கெட் வாங்கிய பிறகுதான் நோய் வந்தது என்பதற்குச் சாட்சி.

இரண்டையும் வைத்து, 'புகார்' என்று தலைப்பிட்டே எழுதினேன். அப்படி எழுதினால் 8 வாரங்களுக்குள் இறுதிப் பதில் தர வேண்டும். அதிலும் திருப்தியில்லை என்றால் 6 மாதத்துக்குள் நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை நடுநிலையாக விசாரிக்கும் பிரிட்டனின் நிதி ஆம்பட்ஸ்மேன் சேவைக்கு இலவசமாகப் போகலாம். இந்தியாவில் பாலிசி எடுத்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதே போல இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அங்கேயும் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும்.

ஆம்பட்ஸ்மேன் வரை போகத் தேவைப்படவில்லை. பணம் வந்தது, நாமே ஏற்க வேண்டிய தொகையைத் தலைக்கு ஒன்றாக நான்கு முறை கழித்துக்கொண்டு. பறக்காத டிக்கெட்டின் வரியை விமான நிறுவனமே திருப்பித் தரும் என்று சொல்லி அதையும் கழித்துவிட்டார்கள். விமான நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.