பழைய சைக்கிள் ரைடு: 8,500 ரூபாயும் போச்சு, பின் சக்கரமும் போச்சு

ராலே, ஹம்பர், ரட்ஜ் என்று வெள்ளைக்காரன் ஊரில் செய்த சைக்கிள் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். ஈசிஆரில் குழுவாக ஓட்டப் போகிறோம், வாங்க என்று யாராவது கூப்பிட்டால், பணம் அனுப்புவதற்கு முன்னால் படியுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன். இல்லாவிட்டால் இன்றைக்கும் தூக்கம் வராது.

போனது 8,500 ரூபாய். அதில் ரைடு கட்டணம் 3,000, "ரைடுக்கு முந்தைய சர்வீஸ்" 5,500. ரசீது கிடையாது. பெயர் எதையும் எழுதப் போவதில்லை, எழுதினால் கேஸ் போடுவேன் என்று ஏற்கெனவே மிரட்டல் வந்தாகிவிட்டது. போனில் ஒரு விண்டேஜ் சைக்கிள் குழு, அதை நடத்தும் ஓர் ஆள், அவருக்கு வேண்டப்பட்ட ஒரு ரிப்பேர் கடை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

போஸ்டர் பிரமாதமாக இருந்தது. ஞாயிறு காலை 5 மணிக்கு மெரினா உழைப்பாளர் சிலையில் கிளம்பி, திருவான்மியூர், நீலாங்கரை, முட்டுக்காடு வழியாக மாமல்லபுரம். சுமார் 55 கிலோமீட்டர். கோவளத்தில் டிபன், பின்னாலேயே வேன், கூடவே மெக்கானிக், திரும்பி வர டெம்போ, டி-ஷர்ட், மெடல். இத்தாலியில் 1997 முதல் நடக்கும் பழைய சைக்கிள் ரைடான லா எரோய்க்கா மாதிரி என்று வேறு போட்டிருந்தார்கள். லா எரோய்க்காவில் 1987 வரை செய்த ரேஸ் சைக்கிளைத்தான் விடுவார்கள், கியர் லீவர் ஃபிரேமில் இருக்க வேண்டும், அதற்கென்று சட்டதிட்டம் உண்டு. ஆனால் சைக்கிளைத் தயார் பண்ணித் தருகிறேன் என்று யாரும் வீட்டு வாசலில் வந்து தூக்கிக்கொண்டு போவதில்லை.

நான் பேர் கொடுத்ததும் அந்த ஆளே போன் பண்ணினார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சார், பின் சக்கரம் பக்கத்துல உட்காருங்க. ஹப்ல இருக்கற அழுக்கை ஒரு துணியால துடைச்சிட்டு, என்ன எழுதியிருக்குன்னு படிங்க" என்றார். ஹப் என்பது சக்கரத்தின் நடுவில் போக்ஸ் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் உருளை, என் சைக்கிளில் மூன்று கியரும் அதற்குள்ளேதான். துடைத்தேன். கம்பெனி பேர் ஸ்டர்மி ஆர்ச்சர், மாடல் ஏடபிள்யூ, அப்புறம் 56, 3. "அப்படின்னா 1956 மார்ச்ல செஞ்ச ஹப். நாட்டிங்காம்ல இருந்து நேரா வந்திருக்கு. அதை மட்டும் யார்கிட்டயும் கழட்டக் கொடுத்துடாதீங்க சார்" என்றார். அப்புறம் பெடல் கட்டையை அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னை எந்தப் பக்கமிருந்து அடிக்க வேண்டும், எண்ணெய் விடும் மூடி இரும்பா பிளாஸ்டிக்கா, பின் ரிம்மில் 40 போக்ஸ், முன் ரிம்மில் 32 போக்ஸ் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். நாகப்பட்டினத்தில் ரயில்வே ஓய்வூதியக்காரர் ஒருவரிடம் இந்தச் சைக்கிளை வாங்கியதிலிருந்து, இப்படிப் பேச ஒரு ஆள் கிடைக்க மாட்டானா என்று காத்திருந்தவன் நான். எங்கள் தெருமுனைக் கடைக்காரருக்கு மூன்று கியர் என்றாலே சீன சைக்கிள்தான். அரை மணி நேரம் பேசினோம். பேசி முடித்த கையோடு 8,500 ரூபாய் அனுப்பினேன். கடை அக்கவுண்ட் இல்லை, அவருடைய சொந்த நம்பருக்கு.

சர்வீஸ் எதற்கு என்று கேட்காமல் இல்லை. "55 கிலோமீட்டர் சார், வழியில பால்ரஸ் உடைஞ்சா யார் பதில் சொல்றது? இங்கிலீஷ் சைக்கிள் மட்டும் நம்ம ஆளு கைக்குப் போய்த்தான் வரும்" என்றார். வெள்ளிக்கிழமை ஒரு டெம்போ வந்தது. பையன் ஹேண்டில்பாரில் என் பேரை எழுதிய அட்டையைக் கட்டினான், ஒரு பழைய போர்வையைச் சுற்றினான், ஏற்றிக்கொண்டு போய்விட்டான். போர்வையைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்துபோனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு விடியற்காலை மெரினாவில் பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். அந்த ஆள் வரவில்லை. டெம்போ ஆறரைக்கு வந்தது. வேன் "அடையாறில் சேர்ந்துகொள்ளும்" என்றான் டிரைவர். அடையாறிலும் இல்லை, அக்கரையிலும் இல்லை. டி-ஷர்ட் பிரிண்டிங்கில் இருக்கிறதாம், கூரியரில் வருமாம். சரி, கடற்கரைக் காற்று, நல்ல கூட்டம், ஓட்டுவோம் என்று கிளம்பிவிட்டோம்.

முட்டுக்காடு பாலத்து ஏற்றத்தில் சீட்டிலிருந்து எழுந்து மிதித்தேன். பெடல் சட்டென்று வெறுமையாகச் சுற்றியது. முட்டி போய் ஹேண்டில்பாரில் இடித்தது, முழங்காலுக்குக் கீழே பெடல் சீவிவிட்டது. பின்னால் வந்த கார்க்காரன் பிரேக் அடித்ததால் இன்று இதை எழுதுகிறேன். அந்த ஹப்பில் இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் எதிலும் சிக்காத ஓர் இடம் உண்டு, தேய்ந்த ஹப்பாக இருந்தால் அழுத்தி மிதிக்கும்போது அங்கே நழுவிவிடும். என் ஹப் ஒரு நாளும் நழுவியதில்லை.

கோவளத்தில் டிபன் என்று சொன்ன இடத்தில் எங்களைப் பற்றி யாருக்கும் தெரியாது. டீக்கடையில் சொந்தக் காசில் இட்லி வாங்கிக்கொண்டு, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தேன். எண்ணெய் மூடி கருப்புப் பிளாஸ்டிக். என்னுடையது சின்ன இரும்பு மூடி, நகத்தால் நெம்பித் திறக்க வேண்டும், ஸ்பிரிங் கட்டி மூடிக்கொள்ளும். டீக்கடைக்காரரிடம் துணி வாங்கி ஹப்பைத் துடைத்தேன். ஏடபிள்யூ. 78. 11. ரிம்மையும் பார்த்தேன். வால்டியூப் பக்கம் இருந்த நசுங்கலைக் காணோம். சக்கரத்தையே மாற்றியிருக்கிறார்கள்!

கூட வந்தவர்கள் எல்லாரும் அவரவர் சைக்கிளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வில்லிவாக்கத்துப் பெரியவர் ஒருவரின் ஹம்பரில் லூகாஸ் மணி இருந்த இடத்தில் புதுக் கடை மணி. இன்னொருவரின் புரூக்ஸ் தோல் சீட்டு போய், அதே நிறத்தில் ஏதோ ஒன்று. அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் கொண்டுவந்த கல்லூரிப் பையனுக்கும், அசன்சோலில் செய்த சென்-ராலே வைத்திருந்தவருக்கும் எதுவும் போகவில்லை. ஏன் போகும்? "உங்களுக்கு சர்வீஸ் வேண்டாம் பிரதர், நேரா வந்துடுங்க" என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஹப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று போனில் எதற்குப் படிக்கச் சொன்னார் என்று அப்போதுதான் விளங்கியது. யாரிடம் என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்திருக்கிறார்.

அன்றைக்கே போன் பண்ணினேன். "அப்படியா சார், மெக்கானிக் கிட்ட கேக்கறேன்." மறுநாள், "மெக்கானிக் ஊருக்குப் போயிருக்கான், பாட்டி தவறிட்டாங்க." கடைக்கு நேரில் போனேன். கல்லாவில் உட்கார்ந்திருந்தவர், "எங்களுக்கு எதுவும் தெரியாதுங்க, ரைடுகாரர் கொடுத்தார், செய்தோம். பணம் அவர்கிட்டதான் போச்சு, அவர்கிட்டயே கேளுங்க" என்றார். ரைடுகாரரிடம் கேட்டால், "சர்வீஸுக்கு கடைதான் பொறுப்பு, நான் சும்மா சேர்த்து வச்சேன்." சேர்த்து வைத்ததற்கா 8,500 ரூபாய்? வேன் எங்கே, மெக்கானிக் எங்கே, டிபன் எங்கே என்று கேட்டதற்கு, "போலீஸ் பர்மிஷன்ல கொஞ்சம் சிக்கல், அடுத்த ரைடுல உங்களுக்கு டிஸ்கவுண்ட் போட்டுத் தர்றேன்" என்றார். சைக்கிளைத் தூக்கிக் கொடுத்து இன்னொரு தடவை ஏமாற எனக்கு டிஸ்கவுண்ட்.

என்னிடம் இருந்த பழைய போட்டோவில் 56, 3 தெளிவாகத் தெரிகிறது. அதையும் இப்போதைய 78, 11 போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழுவில் போட்டேன். "சார், வயசான சைக்கிள், அழுக்குல நம்பர் தப்பாத் தெரியும்" என்று பதில் வந்தது. அதைச் சொன்னது, ஹப்பைத் துடைத்துப் படிக்கச் சொன்ன அதே ஆள்! இரண்டு பேர் எனக்கு ஆதரவாக எழுதினார்கள். கொஞ்ச நேரத்தில் மூன்று பேரையும் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். அப்புறம் என் நம்பரையும் பிளாக் பண்ணியாயிற்று. மனைவி போனிலிருந்து கூப்பிட்டபோதுதான் அந்தக் கேஸ் மிரட்டல்.

ஸ்டேஷனுக்குப் போனேன். எழுத்தர், "பழைய சைக்கிளோட ஒரு சக்கரமா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார். சைக்கிள் திருட்டு என்றால் புரிகிறது, சைக்கிள் கையில் இருக்கும்போது திருட்டு என்றால் அவருக்குக் கணக்கு உதைக்கிறது. மனு ரசீது மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கும் போன் பண்ணினேன், புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, அடுத்து அங்கேதான். 8,500 ரூபாயை விடப்போவதில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது இருக்கிற ஆத்திரத்தில் முடியவில்லை. அவசரமாக இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஹப் நம்பர், ஃபிரேம் நம்பர், சீட்டு, மணி, விளக்கு எல்லாவற்றையும் இன்றைக்கே கிட்டத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள், ஆனால் எந்தக் குழுவிலும் போடாதீர்கள். போனில் நம்பர் கேட்பவனிடம் சொல்லாதீர்கள், எவ்வளவு விஷயம் தெரிந்தவனாக இருந்தாலும். சொந்த நம்பருக்குப் பணம் கேட்டால் ரசீது இல்லாமல் அனுப்பாதீர்கள். ஓவராயில் பண்ண வேண்டுமென்றால் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்காருங்கள். டெம்போவில் ஏற்றி அனுப்பவே அனுப்பாதீர்கள்.

அடுத்த ரைடு பழவேற்காடாம். போஸ்டர் வந்துவிட்டது, கட்டணம் அதே 8,500 ரூபாய், "இங்கிலீஷ் சைக்கிளுக்கு இலவசமாக வீட்டிலிருந்து பிக்கப்" என்று இந்தத் தடவை பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உங்கள் குழுவுக்கு வந்தால் இந்தப் பதிவை அதன் கீழேயே ஒட்டிவிடுங்கள். 40 போக்ஸ் ரிம், வால்டியூப் பக்கம் நசுங்கல், இரும்பு எண்ணெய் மூடி, ஏடபிள்யூ 56, 3 என்று ஒரு பின் சக்கரம் எங்காவது விலைக்கு வந்தால், வாங்க வேண்டாம், விற்கிற ஆளின் நம்பரை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.