மெஸ்டா கைவினைஞர் தரவுத்தளம்: தெற்கத்திய லாங் ரைஃபிளை ஆராய்வோருக்கு

பழைய அமெரிக்க ஃபிளின்ட்லாக் (சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடும்) லாங் ரைஃபிள் என்ற நீண்ட குழல் துப்பாக்கி கைக்கு வந்தால் பலரும் முதலில் லாக்கில், அதாவது சுடும் பொறியமைப்பில், உள்ள பெயரைப் படிப்பார்கள். பிழை அங்கேயே தொடங்கிவிடும். ‘கெட்லண்ட்’ என்றிருந்தால் அது பர்மிங்ஹாமிலிருந்து இறக்குமதியான லாக். துப்பாக்கியைச் செய்தவர் வேறொருவர். அவர் பெயரோ முதலெழுத்தோ பொறித்திருந்தால், பெரும்பாலும் குழலின் மேல்பட்டையில் இருக்கும்.

அந்தப் பெயருக்குரிய ஆளைத் தேட, அமெரிக்கத் தெற்கு மாநிலங்களைப் பொறுத்தவரை, வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் உள்ள மெஸ்டா (MESDA, தொடக்ககாலத் தெற்கத்திய அலங்காரக் கலைகள்) அருங்காட்சியகத்தின் தரவுத்தளம்தான் எங்கள் முதல் தேர்வு. இணையத்தில் இலவசம். நீதிமன்றப் பதிவு, உயில், செய்தித்தாள் விளம்பரம் எனத் திரட்டிய குறிப்புகள் ஏராளம். அவற்றில் தொழில் பழகும் ஒப்பந்தங்களே பொக்கிஷம். யார் யாரிடம் கற்றார் என்று தெரிந்தால்தான் ஒரு பேட்ச்பாக்ஸ் (பின்கட்டையில் உள்ள மூடியிட்ட சிறு பெட்டி) வடிவம் ஊர்விட்டு ஊர் போன வழி பிடிபடும்.

கவுண்டியை (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) வைத்துத் தேடும்போது கவனம் தேவை. இன்றைய வின்ஸ்டன்-சேலத்தில் அடங்கிய பழைய சேலம் நகரம் அசையவில்லை, கவுண்டி எல்லைகள்தான் மாறின: 1770களின் தொடக்கம் வரை ரோவன், பிறகு சர்ரி, 1789 முதல் ஸ்டோக்ஸ், 1849 முதல் ஃபோர்சைத். நான்கிலும் தேடாவிட்டால் பாதி ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். பெயரின் எழுத்தையும் மாற்றிப் பாருங்கள். ஜெர்மன் வாயில் ‘வோக்லர்’ என்பது ‘ஃபோக்லர்’ ஆகும். தொழிலும் ஒன்றோடு நிற்பதில்லை. சேலத்தின் ஜான் வோக்லர் தன் சித்தப்பா கிறிஸ்டோஃபிடம் துப்பாக்கித் தொழில் கற்று, வெள்ளிக்கொல்லராகப் பேரெடுத்தவர். கன்ஸ்மித் என்று மட்டும் வடிகட்டினால் இப்படிப்பட்டவர்கள் நழுவிப்போவார்கள்.

பென்சில்வேனியா இதன் எல்லைக்குள் வராது. லான்காஸ்டரின் டெய்சிப் பூ பேட்ச்பாக்ஸையோ, லீஹை பள்ளத்தாக்கின் வளைந்த பின்கட்டையையோ ஆராய வேறிடம் போக வேண்டும்.

இன்னொன்று: தரவுத்தளம் ஆளைச் சொல்லும், துப்பாக்கியைச் சொல்லாது. வெறும் முதலெழுத்துகள் பலருக்குப் பொருந்தும். எனவே கவுண்டி, ஆண்டு, தொழில் மூன்றையும் வைத்துப் பட்டியலைச் சுருக்கி, பிறகு துப்பாக்கியைப் பாருங்கள். இரும்புப் பாகங்கள், நீண்ட டாங் (குழலின் பின்முனையிலிருந்து கட்டைமேல் நீளும் உலோகப் பட்டை), பேட்ச்பாக்ஸுக்குப் பதில் கொழுப்பு வைக்கும் வெறும் குழி எல்லாம் சேர்ந்திருந்தால் கிழக்கு டென்னசி மலைப்பகுதியை முதலில் சோதிக்கலாம். லாக் பிளேட்டில் அடைத்த திருகுத் துளைகள் தெரிந்தால், இடையில் பெர்கஷனாக (கல்லுக்குப் பதில் வெடிக்கும் சிறு தொப்பியால் சுடும் முறைக்கு) மாற்றப்பட்டது என்று பொருள். இப்போது ஃபிளின்ட்லாக்காக இருந்தால் சுத்தியும் பான் (பற்றவைக்கும் மருந்து வைக்கும் சிறு தட்டு) பகுதியும் பின்னாளில் பொருத்தியவையாக இருக்கலாம். அந்த லாக்கை வைத்து ஆண்டைக் கணிக்க வேண்டாம்.