தாதே மசாமுனே கவச கிட்: கவசம் அபாரம், முகம்தான் சினிமா

நானூறு வருடத்துக்கு முன்பு வாழ்ந்த ஜப்பானியப் போர்ப் பிரபு தாதே மசாமுனேயைக் கவசத்தோடு செய்துவைக்கும் பிளாஸ்டிக் மாடல் கிட் இது. எல்லோரும் முதலில் கேட்கப்போவது விலையைத்தான்: ரூ.3,400. தி.நகர் பக்கம் ஒரு ஹாபி கடையில் வாங்கினேன். பசை வேண்டாம், நிப்பரால் வெட்டி அழுத்திப் பொருத்தும் வகை. கவசத்துக்காகவே வாங்கலாம், ஆனால் பெட்டிக்குள் இருப்பதுதான் மசாமுனே என்று நினைத்துவிடாதீர்கள்.

கவசத்தில் குறை சொல்ல எதுவுமே இல்லை. ஜப்பானில் 1543-இல் போர்ச்சுகீசியர் வழியாகத் துப்பாக்கி வந்துவிட்டது, அப்புறம் சின்னச் சின்னத் தகடுகளைக் கயிற்றால் கோத்த பழைய மார்க்கவசத்தை நம்பிக் களத்தில் நிற்க முடியாது என்பதால் பெரிய இரும்புத் தகடுகளுக்கு மாறினார்கள். மசாமுனேயுடையது ஐந்து தகடு, கீல் வைத்து மாட்டுவது, கறுப்பு அரக்குப் பூச்சு. அசல் செண்டாய் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிட்டில் அந்த ஐந்தையும் தனித்தனிப் பாகமாகவே கொடுத்திருக்கிறார்கள், கீல் வரிசைகூட விரலுக்குத் தட்டுப்படுகிறது. தலைக்கவசத்துப் பிறை நிலாவின் ஒரு முனை குட்டை. வாள் ஓங்கும்போது இடிக்கக் கூடாது என்று அப்படிச் செய்ததாகச் சொல்வார்கள். வார்ப்புத் தப்பு என்று நினைத்து அரத்தை எடுத்துவிடாதீர்கள்.

முகம்தான் பிரச்சினை. சின்ன வயதில் அம்மை போட்டு வலது கண் போனது உண்மை. ஆனால் அந்தக் கறுப்புக் கண்மூடி 20-ஆம் நூற்றாண்டுச் சினிமா கொடுத்தது. மனிதர் தன் சிலையிலும் படத்திலும் இரண்டு கண்ணும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனவர், அவர் முகத்தில் போய் கண்மூடியை அச்சிலேயே வார்த்து வைத்திருக்கிறார்கள். மாற்று முகமும் இல்லை. நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு இரண்டு கண்ணும் வரைந்துவிட்டேன்.

கூடவே வரும் குறிப்பேடு சண்டை, சண்டை, மறுபடி சண்டை. 1567-இல் பிறந்து 1584-இல் குடும்பத் தலைமை ஏற்றவர், மறுவருடமே அப்பாவைப் பக்கத்துப் பிரபு ஒருவன் கடத்திக்கொண்டு ஓட, துரத்திப் போன இடத்தில் அப்பாவும் செத்துப்போனார். சுடச் சொன்னது யார் என்பதற்கு ஆளுக்கொரு கதை. 1589-இல் அஷினா குடும்பத்தைத் தோற்கடித்து ஐசு பகுதியைப் பிடித்தார். இதுவரைக்கும் குறிப்பேட்டில் விலாவாரியாக இருக்கிறது. அடுத்த வருடம் ஒடவாரா கோட்டை முற்றுகைக்கு வா என்று, ஜப்பானையே தன் கைக்குள் கொண்டுவந்துகொண்டிருந்த ஹிதேயோஷி கூப்பிட்டு இவர் தாமதமாகப் போய் நின்றதற்கு ஒரே ஒரு வரி! தலை போகிற குற்றம் அது. சாவுக்கு உடுத்தும் வெள்ளை உடையில் போனார் என்றும், ஹிதேயோஷி தடியால் அவர் கழுத்தைத் தட்டி, கொஞ்சம் பிந்தியிருந்தால் இது இருந்திருக்காது என்றார் என்றும் கதை உண்டு. தலை தப்பியது, ஐசு போனது, 1591-இல் பரம்பரை ஊரான யோனேசாவாவும் போனது. அவர் வாழ்க்கையிலேயே ஆபத்தான நாளில் இந்தக் கவசத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்தக் காலத்துப் பிரபு பிழைத்துக்கிடந்தது பாதி வாளால் என்றால் மீதி, யாரிடம் எப்போது குனிவது என்ற கணக்கால். 1600-இல், ஹிதேயோஷிக்குப் பின் ஆட்சியைப் பிடித்த இயெயாசு பக்கம் நின்றார், பத்து லட்சம் கோக்கு அளவுக்கு நிலம் தருவதாகப் பேச்சு, கடைசியில் கைக்கு வந்தது 6,20,000 தான். ஒரு கோக்கு என்பது ஓர் ஆள் ஒரு வருடம் சாப்பிடும் அரிசி, சுமார் 150 கிலோ. பிரபுவின் அந்தஸ்தையே நெல்லில் அளந்த ஊர், தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடித்துப்போகும். 1613-இல் கப்பல் கட்டித் தன் ஆள் ஹாசெகுராவைத் தூதராக மெக்சிகோ, ஸ்பெயின் வழியாக ரோம் வரைக்கும் அனுப்பினாரே, அதற்குக் குறிப்பேட்டில் இடமே இல்லை. ஹாசெகுரா 1620-இல் திரும்பி வந்தபோது ஜப்பானில் கிறிஸ்தவம் தடையாகியிருந்தது, போன காரியம் வீண். இதற்காவது ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

வாங்குகிறவர்களுக்கு: நீலக் கயிற்றுக் கோவை எல்லாம் பிளாஸ்டிக்கிலேயே வார்த்தது, நிறம் நீங்கள்தான் தீட்ட வேண்டும், இருப்பதிலேயே மெல்லிய பிரஷ், நிறையப் பொறுமை. கடைசியில் அடிக்கும் பளபளப்பில்லாத மேல்பூச்சு, அதாவது மேட் கிளியர் ஸ்ப்ரேயை, நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால் கறுப்பு அரக்கு முழுக்க வெள்ளைப் படலம் பூக்கும், தை பிறக்கட்டும். என் பெட்டியில் மூங்கிலும் சிட்டுக்குருவியும் போட்ட குடும்பச் சின்ன டீகால், அதாவது ஒட்டுப்படம், பழுப்பேறியிருந்தது. கேட்டதற்கு, "அது கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வரும் சார்" என்றார் கடைக்காரர். வராது. சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டினேன், வெளுத்துவிட்டது. சென்னை வெயிலால் நான் கண்ட லாபம் இது ஒன்றுதான். பில் போடும் முன் பெட்டியைத் திறந்து டீகால் தாளைப் பார்த்துவிடுங்கள், திறக்க விடமாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள். ஐந்துக்கு மூன்றரை, அதில் மூன்று கவசத்துக்கு.