சாகலின் 'நானும் கிராமமும்': அச்சுப் பிரதியா, கையால் வரைந்த பிரதியா?

ஓவியர் மார்க் சாகலின் 'நானும் கிராமமும்' ஓவியத்தின் பிரதியை வீட்டில் மாட்ட ஆசைப்படுகிறவருக்கு மூன்று வழிகள் உண்டு. கேன்வாஸில் அச்சிட்டது, யாரோ ஒருவர் கையால் வரைந்த எண்ணெய் வண்ணப் பிரதி, தாளில் அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டமிட்டது.

எதை வாங்குவது என்பதற்கு முன், படத்தில் எதை இழக்கக் கூடாது என்று பார்க்க வேண்டும். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் மூலம் சுமார் 192 செ.மீ. உயரம், 151 செ.மீ. அகலம். பச்சை முகத்து மனிதனும் ஒரு பசுவும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்கிறார்கள். இருவர் கண்களையும் இணைப்பது மெல்லிய ஒரு கோடு. பசுவின் கன்னத்துக்குள்ளேயே ஒரு பெண் பால் கறக்கிறாள். மேலே அரிவாளைத் தோளில் சாய்த்து நடக்கும் உழவன், தலைகீழாக ஒரு பெண், கவிழ்ந்து நிற்கும் வீடுகள். இன்றைய பெலாரஸில் உள்ள வீட்டெப்ஸ்க்கில் ஹசிடியம் என்ற, பக்தியில் ஆழ்ந்த யூதப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் வளர்ந்தவர் சாகல். பாரிஸுக்கு வந்த மறு ஆண்டு, 1911-இல், விட்டு வந்த ஊரை இப்படித்தான் நினைத்துப் பார்த்திருக்கிறார். அந்தக் கோடு அறுந்தால் மனிதனும் பசுவும் வெறும் இரண்டு தலைகள்.

கையால் வரைந்த பிரதி இங்கேதான் தடுமாறுகிறது. வண்ணத்தின் தடிப்பும் தூரிகைத் தடமும் அதில் உண்மையாகவே இருக்கும், தொட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்தத் தடம் சாகலுடையது அல்ல. மலிவான பிரதிகளில் பச்சை முகம் ஒரே பூச்சாகிவிடுகிறது; பார்வை சற்றே விலகினாலும் அந்த உறவு போய்விடுகிறது. நல்ல கைத்திறன் உள்ளவர் வரைந்தால் விலை எங்கோ போய் நிற்கும்.

நிறமி மையில் (நுண்ணிய வண்ணத் துகள்கள் கொண்ட மை) அச்சிட்ட கேன்வாஸ் தடிப்பைத் தராது. கோட்டையும் முகபாவத்தையும் இருந்த இடத்திலேயே வைத்துத் தருகிறது. எனக்கு அதுவே பெரிது. சாய மையில் அச்சிட்டதை வாங்காதீர்கள், வெளிச்சம் பட்டால் சீக்கிரம் வெளிறும். பளபளப்பு வார்னிஷும் வேண்டாம். விளக்கொளி பட்டால் பாதிப் படம் கண்ணில் விழாது.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 60 செ.மீ. அகலம் என்றால் உயரம் 76 செ.மீ. வர வேண்டும். 24-க்கு 36 அங்குலம் என்று விற்பவர் படத்தை வெட்டியிருப்பார், இல்லையென்றால் இழுத்திருப்பார். சட்டத்தின் விளிம்பில் மடித்து ஒட்டுவதில் ஓரங்கள் போகாமலிருக்கின்றனவா என்றும் கேளுங்கள்.

60 செ.மீ. அகலத்தைவிடச் சிறிதாக வேண்டுமென்றால் தாள்தான். கேன்வாஸின் நெசவு, பால் கறக்கும் பெண் போன்ற சிறு உருவங்களை விழுங்கிவிடும். வழவழப்பான தாளில் அவள் தெளிவாகத் தெரிவாள்.

இன்னொன்று: சாகல் இறந்தது 1985-இல். ஐரோப்பாவில் 2055 முடியும்வரை பதிப்புரிமை உண்டு. ஆகவே எந்தப் பிரதியானாலும் உரிமம் பெற்றதா என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.