கேட்பாரற்ற பணம்: நாமே கோருவதா, ஏஜென்டிடம் கொடுப்பதா?

அமெரிக்காவில் மறந்துபோன வங்கிக் கணக்கு, மாற்றாத சம்பளக் காசோலை போன்றவை சில ஆண்டுகளில் மாநில அரசின் கைக்குப் போய்விடும். அதை நாமே கோரிப் பெறலாம்; அல்லது பங்கு வாங்கிக்கொண்டு மீட்டுத் தரும் ஏஜென்டிடம் விடலாம்.

செலவு: நாமே கோரினால் எதுவுமில்லை. ஏஜென்ட் பங்கு கேட்பார். கலிபோர்னியா சட்டப்படி மாநிலம் வைத்திருக்கும் பணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

தேடல்: மிஸ்ஸிங்மணி.காம் தளத்தில் பல மாநிலங்களை ஒரே நேரத்தில் தேடலாம். முன்பு வசித்த மாநிலங்கள், திருமணத்துக்கு முந்தைய பெயர் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். நம் பெயர்களில் இனிஷியல் முன்னும் பின்னும் மாறும், அப்பா பெயர் குடும்பப் பெயராகும்; அந்த வடிவங்களையும் விடாதீர்கள். ஏஜென்ட் பார்ப்பதும் பெரும்பாலும் இதே பட்டியல்தான்.

ஆவணம்: அடையாள அட்டை, சமூகப் பாதுகாப்பு எண், பட்டியலிலுள்ள பழைய முகவரிக்கான சான்று. தடங்கல் வருவது இந்த முகவரிச் சான்றில்தான். பழைய வரிப் படிவம் கைகொடுக்கும். ஏஜென்ட் வைத்தாலும் இவற்றை நீங்கள்தான் தேடி எடுக்க வேண்டும்.

கவுண்டி (மாநிலத்துக்குள் நம்மூர் மாவட்டம் போன்ற பகுதி), நகராட்சி வைத்திருக்கும் பணம் வேறு கதை. மாநிலப் பட்டியலில் வராமல் போகலாம். அவற்றின் கருவூலத் தளங்களைத் தனியே பாருங்கள். கெடுவும் குறுகியது: கலிபோர்னியாவில் வரி பாக்கிக்காக விற்ற வீட்டின் உபரித் தொகையை, விற்பனைப் பத்திரம் பதிவான ஓராண்டுக்குள் கோர வேண்டும்.

சொந்தப் பெயரில் உள்ள பணத்துக்கு ஏஜென்ட் வேண்டவே வேண்டாம். பல வாரிசுகள், ஏலத்தில் போன வீடு என்றால் வழக்கறிஞருக்குக் கொடுப்பது வீண் செலவல்ல.