ஒலிக்கலவை அறைக்குப் புரொஜெக்டரா, பெரிய டிவியா?

படத்தில் டிவிக்கே வெற்றி: விளக்கெரியும் அறையிலும் கறுப்பு கறுப்பாகத் தெரியும். ஆனால் வசனம் வரும் நடு ஸ்பீக்கரை எங்கே வைப்பது? டிவிக்குக் கீழே வைத்தால் நாயகியின் குரல் அவள் இடுப்பிலிருந்து வருகிறது. அதைச் சகித்துக்கொண்டு என்னால் வேலை செய்ய முடியாது. புரொஜெக்டருக்கான துளையிட்ட திரையென்றால் ஸ்பீக்கர் முகத்துக்குப் பின்னாலேயே நிற்கும்; துளைகளில் மங்கும் உச்ச அதிர்வெண்களை ஈக்வலைசரில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மீட்கலாம். சிறிய அறையில் தொலைக்காட்சித் தொடர் மட்டும் செய்பவருக்கு டிவி போதும். திரையரங்குக்கான படமென்றால் புரொஜெக்டர்தான்.

புரொஜெக்டரைக் கண்ணாடிக்கு அப்பால் தனி அறையில் வையுங்கள். நடிகரின் மெல்லிய மூச்சொலியைத் தேடும்போது விசிறி இரைச்சல்தான் பெரும் எதிரி.

ஒலிக்குப் பின்னால் படம் பிந்தும் தாமதம் இரண்டிலும் உண்டு. நொடிக்கு 24 ஃபிரேமில், ஒரு ஃபிரேம் பிந்தினாலே ஏறத்தாழ 42 மில்லிசெகண்ட். கிளாப் பலகை அடிக்கும் காட்சியை ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.