கிராஸ்மேட்ச்: டியூபா, ஜெல் கார்டா?

கோபி, தாராபுரம் மாதிரி ஊர்களில் சின்ன ரத்த வங்கி நடத்துகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் உண்டு. கிராஸ்மேட்ச் என்றால், ஏற்றப்போகிற ரத்தம் நோயாளிக்கு ஒத்துப்போகுமா என்று முன்கூட்டியே கலந்து பார்ப்பது; ஒவ்வாவிட்டால் செல்கள் ஒட்டிக் கட்டியாகும். இதைச் சோதனைக் குழாயில் (டியூப்) செய்வதா, ஜெல் நிரப்பிய சின்னக் குழல்கள் உள்ள அட்டையில் (ஜெல் கார்டு) செய்வதா என்பதுதான் கேள்வி.

செலவு: டியூபில் குறைவு. ஜெல்லுக்குக் கார்டு விலை போக, தனி சென்ட்ரிஃபியூஜும் (சுற்றும் கருவி) இன்குபேட்டரும் (சூடு காக்கும் கருவி) வேண்டும்.

நேரம்: ஜெல்லில் வழக்கமாக 37 டிகிரியில் 15 நிமிடம், சுற்ற 10 நிமிடம். டியூபில் கூம்ப்ஸ் (செல்மேல் ஒட்டிய எதிர்ப்பொருளைக் காட்டும் கட்டம்) வரை போனால் இன்னும் இழுக்கும். அவசரத்துக்கு உடனடிச் சுற்று (கலந்ததும் காத்திருக்காமல் சுற்றிப் பார்ப்பது) டியூபில் சில நிமிடம்தான். ஆனால் அது ஏபிஓ (ஏ, பி, ஓ ரத்த வகை) பொருத்தத்தைத்தான் சொல்லும்.

கைத்திறன்: விஷயமே இங்கேதான். டியூபில் செல்களைச் சலைனில் மூன்று முறையாவது கழுவ வேண்டும். கழுவல் சரியில்லையென்றால் மிச்சமிருக்கும் சீரம் கூம்ப்ஸ் ரீஏஜென்டை முறித்துவிடும். ஒவ்வாத ரத்தமும் ஒத்துப்போவதாகத் தெரியும். அதனால்தான் நெகட்டிவ் வந்த டியூபில் கண்ட்ரோல் செல் (எதிர்ப்பொருள் பூசிய செல்; ரீஏஜென்ட் முறியாமல் இருந்தால் கட்டியாகும்) விட்டுப் பார்ப்பது. குலுக்குகிற கை முரடானால் லேசான கட்டிகளும் கலைந்துபோகும். (கலைந்த பிறகு எத்தனை தடவை உற்றுப் பார்த்தும் புண்ணியமில்லை.) ஜெல்லில் கழுவலே கிடையாது. வலுவாக ஒட்டிய செல்கள் மேலே சிவப்புக் கோடாக நிற்கும், ஒட்டாதவை அடியில் பொட்டாக இறங்கும். ராத்திரி டியூட்டிப் பையன் படித்ததைக் காலையில் மூத்தவர் மறுபடி பார்க்கலாம்.

தலசீமியா பிள்ளைகள் மாதிரி அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்கிறவர்கள் வருகிற இடமென்றால் (அவர்களுக்கு எதிர்ப்பொருள் உருவாகும் வாய்ப்பு அதிகம்) ஜெல்தான். மாதத்துக்குப் பத்திருபது கிராஸ்மேட்ச், கை தேர்ந்த டெக்னீஷியன் என்றால் டியூபே போதுங்க.